வீட்டுக்குள்ள தறி, பக்கத்து வீட்டுல தூக்கம் போச்சு: சங்கரன்கோவில் விசைத்தறிச் சத்தத்துக்குச் சட்டம் என்ன சொல்லுது?

சங்கரன்கோவிலுக்குப் புதிதாக வருபவர்கள் கோமதி அம்மனையும் ஆடித்தபசையும் பிரியாணியையும் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருவார்கள். வந்து ஒரு ராத்திரி தங்கினால் இன்னொன்றும் காதில் விழும். 'டக்கு டக்கு டக்கு டக்கு' என்று நிற்காமல் ஓடும் விசைத்தறிச் சத்தம். தென்காசி மாவட்டத்தில் இந்த ஊரும் சுற்றுவட்டாரமும் விசைத்தறியை நம்பித்தான் பெருமளவு பிழைக்கின்றன. சேலையும் துண்டும் நெய்யும் தறிகள் தனி ஷெட்டுகளில் மட்டும் ஓடவில்லை. வீட்டு முன்னறையில், பின்கட்டில், மாடிக்குக் கீழே, கார் நிறுத்த விட்ட இடத்தில் என்று குடும்பம் வாழும் அதே சுவர்களுக்குள்ளும் ஓடுகின்றன.

தறி வீட்டுக்காரருக்கு அது சோறு. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு? அதுவும் அவர் நெசவாளர் இல்லை என்றால்?

"அண்ணாச்சி, பத்து மணிக்கு மேலயாவது நிப்பாட்டக் கூடாதா, பிள்ளைக்குப் பரீட்சை" என்ற வேண்டுகோளில் ஆரம்பிக்கும் விஷயம் நகராட்சி, காவல் நிலையம், கோட்டாட்சியர் அலுவலகம் என்று வளர்ந்துவிடுவது உண்டு. வீட்டிலேயே தறியோ, கிரில் பட்டறையோ, மர வேலைக்கூடமோ போட உரிமை உண்டா, பக்கத்து வீட்டுக்காரர் எதுவரை பொறுக்க வேண்டும், எங்கே போய்ச் சொல்லலாம் என்பதைப் பார்க்கலாம்.

தறி ஏன் வீட்டுக்குள் இருக்கிறது?

நெசவு என்பதே முதலில் வீட்டுத் தொழில்தான். கைத்தறிக் காலத்தில் வீட்டுத் தரையில் குழி தோண்டித் தறி போட்டார்கள். ஒருவர் நெய்ய, இன்னொருவர் தார் சுற்ற, பாவு பிணைக்கும்போது குடும்பமே உட்கார என்று வீடும் தொழிலும் ஒன்றாகவே இருந்தன. கைத்தறிக்கும் சத்தம் உண்டு. ஆனால் அது மனிதக் கை கால் போடும் சத்தம். கை ஓய்ந்தால் சத்தமும் ஓயும்.

விசைத்தறி வந்தபோது மாறியது இயந்திரம் மட்டும்தான், வீடு மாறவில்லை. அதே தெரு, அதே ஒட்டுச் சுவர், அதே ஓடு அல்லது தகரக் கூரை. தறி மட்டும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்க ஆரம்பித்தது. பிரச்சினையின் வேர் இங்கே இருக்கிறது. இன்றைக்குப் புதிதாக யாரோ குடியிருப்புக்குள் தொழிற்சாலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று பேசுவது இந்த ஊர் விஷயத்தில் பாதி உண்மைதான்.

அடுத்த காரணம் பணம். தறி போட்டிருப்பவர்களில் பலர் சொந்தமாகத் துணி விற்பவர்கள் இல்லை. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கி, நெய்து கொடுத்துக் கூலி வாங்குபவர்கள். கூலி உயர்வு கேட்டு இந்தப் பகுதியில் வேலைநிறுத்தமும் பேச்சுவார்த்தையும் நடப்பது ஊருக்குப் பழகிய செய்தி. இந்தக் கூலியில் தனியாக இடம் பிடித்து வாடகை கொடுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வீட்டில் என்றால் வாடகை இல்லை, பஸ் செலவு இல்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து அறுந்த இழையைக் கட்டிவிட்டுப் போக முடிகிறது. பெண்கள் தறி வேலையில் நிலைத்திருப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது, கரண்ட். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் என்று 2006-ல் தொடங்கியது, 2016-ல் 750 யூனிட் ஆனது. 2023 மார்ச் 1 முதல் 1,000 யூனிட். கைத்தறிக்கு அதே நாளில் 200-ல் இருந்து 300 யூனிட் ஆக உயர்த்தப்பட்டது. நான்கு தறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், தினமும் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் முழுச் சுமையில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 1,500 யூனிட் வரும். தறி எப்போதும் முழுச் சுமையை இழுப்பதில்லை, இழை அறுந்து நிற்கும் நேரமும் உண்டு. ஆக, இலவச அளவு ஒரு சின்னக் குடும்பத் தறிக்கூடத்தின் பில்லில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சிறிய அளவில் வீட்டோடு தறி ஓட்டுபவருக்கு இது உயிர்மூச்சு. தறியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் இருக்கவும் இதுவே ஒரு காரணமாகிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சலுகை தறிக்கென்று வாங்கிய தனி இணைப்புக்குத்தான். வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுத்துத் தறியோ பட்டறையோ ஓட்டினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி அது அங்கீகாரமில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

சாதாத் தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவு இழைகளுக்கு நடுவே ஓடுவது நாடா. மரத்தில் செய்து இரண்டு முனையிலும் இரும்பு பூட்டிய படகு மாதிரியான பொருள். அதை ஒரு கட்டை ஓங்கி அடிக்கிறது. அது பாய்ந்து போய் எதிர்ப்பக்கப் பெட்டியில் மோதி நிற்கிறது. அச்சு வந்து ஊடையை நெருக்குகிறது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்த அடி. நிமிடத்துக்கு 120 முறை என்றால் நொடிக்கு இரண்டு மோதல். இதோடு பல்சக்கரம், மோட்டார், பெல்ட். தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே நின்று இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பார்த்தாலே தெரியும், வாயசைவும் சைகையும்தான் பேச்சு. பல ஆண்டு தறியில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவதை இங்கிலாந்து மில்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நெசவாளர் செவிட்டுத்தன்மை என்று குறித்தார்கள். சத்தத்தால் முதலில் பாதிக்கப்படுவது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, தறி ஓட்டுபவர்தான். அமெரிக்காவின் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று பரிந்துரைக்கிறது. காதில் பஞ்சாவது வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் எத்தனை பேர்?

டெசிபல் கணக்கு நம் வாய்ப்பாடு மாதிரி இல்லை. ஒரு தறி 90 என்றால் இரண்டு தறி 180 ஆகாது, 93 ஆகும். நான்கு தறி 96. எட்டுத் தறி 99. இதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் புரியும். எட்டுத் தறி ஓட்டுபவர், பக்கத்து வீட்டுக்காரரின் முகத்துக்காக ராத்திரி நான்கை நிறுத்திவிடுகிறார். பாதி வருமானம் போச்சு. ஆனால் அந்த வீட்டில் குறைவது மூன்றே மூன்று டெசிபல். அவர் காதுக்கு வித்தியாசமே சரியாகத் தெரியாது. "பாதியை நிறுத்திட்டேனே, இன்னும் என்ன?" என்று இவர் கோபப்படுவார். "எங்க நிறுத்தினீங்க?" என்று அவர் கோபப்படுவார். இரண்டு பேரும் சொல்வது நிஜம்.

சுவர் விஷயமும் இப்படித்தான். பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் வரை தடுக்கக்கூடியது. ஆனால் அந்தச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓட்டை இருந்தால் போதும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். திறந்த ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி எல்லாமே ஓட்டைதான். தகரக் கூரையோ சிமெண்ட் ஷீட்டோ செங்கல் சுவர் அளவுக்குத் தடுக்காது. மாடி வீட்டுக்காரருக்குச் சத்தம் கூரை வழியாகவே வரும்.

காற்றில் வராமல் தரை வழியாக வரும் அதிர்வு வேறு. தறியின் கால் போல்ட் போட்டு இறுக்கிய தரையும், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரும் சேர்ந்தே நடுங்கும். அலமாரியில் டம்ளர் கிடுகிடுக்கிறது, கட்டில் நடுங்குகிறது என்று சொல்வது இதைத்தான். ஜன்னலை மூடினாலும் இது போகாது.

சட்டப்படி எவ்வளவு சத்தம் இருக்கலாம்?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் ஊரை நான்காகப் பிரிக்கின்றன. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதிப் பகுதியாக அறிவித்த இடத்தில் 50, 40. இவை ஒரு நொடியில் எகிறும் அளவு இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி.

எல்லையைத் தாண்டினாலே புகார் கொடுத்துவிட முடியாது. 7-வது விதிப்படி, அந்தப் பகுதிக்கான அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால்தான் புகார். குடியிருப்பில் பகலில் 65, இரவில் 55. தடை செய்யப்பட்ட நேரத்தில் விதியை மீறினாலும் புகார் கொடுக்கலாம். புகாரைப் பெறும் அதிகாரி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டிஎஸ்பிக்குக் குறையாத பதவியில் இருக்கும் அதிகாரி என்று விதி சொல்கிறது.

சங்கரன்கோவில் மாதிரி ஊரில் உதைப்பது முதல் படியிலேயே. நாற்பது வீட்டில் இருபது வீட்டில் தறி ஓடும் தெரு, குடியிருப்பா தொழிற்பகுதியா? இரண்டுக்கும் நடுவே பகலில் 20 டெசிபல் வித்தியாசம். கலப்புப் பகுதியை நான்கில் ஏதாவது ஒன்றாக உரிய அதிகாரி அறிவிக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. அறிவிப்பு இல்லாதவரை ஒருவர் 'இது குடியிருப்பு' என்பார், இன்னொருவர் 'தாத்தா காலத்திலேயே தறித் தெரு' என்பார். ராத்திரிக் கணக்கு மட்டும் ஓரளவு தெளிவு. ஒட்டிய வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தறி ஓடினால் 55-க்குள் அடக்குவது கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் விதிகள் அந்தளவுக்குப் போகவில்லை.

மீறினால்? இந்த விதிகள் 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது.

தொழிற்சாலைச் சட்டம் இதற்குள் வராதா?

பெரும்பாலும் வராது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை பார்க்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு விதித்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. நான்கு தறியைக் கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்ளும் வீடு இரண்டுக்குமே வெளியே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பக்கம் போனாலும் இதே கதை. 2016-ல் மத்திய வாரியம் வகுத்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை வகைப்பாட்டின் மதிப்பெண் காற்று, கழிவுநீர், அபாயக் கழிவு, வளப் பயன்பாடு ஆகியவற்றை வைத்துத்தான் போடப்பட்டது. சாயப்பட்டறை என்றால் உடனே மாட்டிக்கொள்ளும். சாயம் இல்லாமல் நெசவு மட்டும் செய்யும் தறிக்கு இருக்கும் ஒரே பெரிய மாசு சத்தம், அதற்கு இந்தக் கணக்கில் மதிப்பெண்ணே கிடையாது.

ஆகவே கடிவாளம் உள்ளாட்சி கையில். மின்விசையால் ஓடும் இயந்திரத்தை நிறுவ நகராட்சியின் அனுமதி தேவை என்பது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 250-வது பிரிவிலேயே இருந்தது. தொழில் உரிமத்துக்கு 249. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமம் அந்த ஏற்பாட்டின் கீழ் வருகிறது. கட்டடத்துக்கு 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள். வீடு என்று வரைபட அனுமதி வாங்கிவிட்டுப் பட்டறை நடத்தினால் பயன்பாட்டு மாற்றம் என்ற கேள்வி வரும். புதிதாக ஷெட் போடும் எண்ணம் இருப்பவர், சிமெண்ட் வாங்குவதற்கு முன்னால் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அந்த சர்வே எண் எந்த உபயோகப் பகுதியில் இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. தறி இறக்கிய பிறகு கேட்டால் பதில் என்னவாக இருந்தாலும் நஷ்டம்தான்.

'நாங்க முன்னாடியே இருக்கோம்' என்ற வாதம் செல்லுமா?

இந்தச் சண்டையில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இதுதான். தறி பழசு, வீடு புதுசு. தறி இருப்பது தெரிந்துதானே இடம் வாங்கினார், வாடகைக்கு வந்தார்?

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சட்டம் இதை அப்படியே ஏற்பதில்லை. இதற்கு உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படும் வழக்கு 1879-ஆம் ஆண்டு லண்டனில் நடந்தது. ஒரு மிட்டாய்க்காரர் தன் சமையலறையில் 20 ஆண்டுக்கு மேலாக உரல் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து வீட்டுக்கு வந்த டாக்டர், தோட்டத்தின் கடைசியில் அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். கட்டிய பிறகுதான் உரல் சத்தம் தாங்கவில்லை என்று வழக்கு. டாக்டர்தான் ஜெயித்தார். அறை கட்டப்படும்வரை அந்தச் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இல்லை, ஆகவே அத்தனை ஆண்டுப் பழக்கம் உரிமையாகக் கனியவில்லை என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: ஓரிடத்தில் தொந்தரவாகும் விஷயம் இன்னோர் இடத்தில் தொந்தரவாகாது. பணக்காரச் சதுக்கத்தையும் தோல் பதனிடும் பேட்டையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று நீதிபதி உதாரணம் சொன்னார். சங்கரன்கோவில் தறித் தெருக்காரர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய பகுதி இது.

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் 20 ஆண்டுத் தொடர் பயன்பாட்டை உரிமைக்கான கெடுவாக வைக்கிறது. முதலில் அமலான இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. ஆனால் அந்த 20 ஆண்டும் எதிர்ப்பில்லாமல், இடைவெளியில்லாமல் நடந்திருக்க வேண்டும். இரண்டு தறி ஓட்டியவர் எட்டுத் தறி ஆக்கினால் பழைய இரண்டின் கணக்கைப் புதிய ஆறுக்குச் சொல்ல முடியுமா என்பது அடுத்த சிக்கல்.

நம் ஊர் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 1978-ல் வெளியான அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கீழ்த்தளத்தில் மாவு மில் போடுகிறார்கள், மேல்தளத்தில் குடும்பம் இருக்கிறது. ஏற்கனவே இரைச்சலான பகுதிதானே என்ற வாதம் எடுபடவில்லை. இரைச்சலான இடத்திலும், புதிதாக ஒரு இயந்திரம் வந்து குடியிருப்பவரின் உடல் நிம்மதியைக் கணிசமாகக் கெடுத்தால் அது தடுக்கத்தக்க தொந்தரவுதான் என்று சொல்லி மில்லுக்குத் தடை வந்தது. 2005 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில், தேவையில்லாத இரைச்சலுக்கு ஆளாகாமல் வாழ்வது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. பட்டாசும் ஒலிபெருக்கியும்தான் அந்த வழக்கின் மையம் என்றாலும், சொன்ன கொள்கை எல்லாச் சத்தத்துக்கும் பொது.

அதே நேரம், நீதிமன்றம் எதிர்பார்ப்பது சாதாரண மனிதனின் பொறுமை. பகல் மூன்று மணிக்குத் தறி ஓடுவதே பிடிக்கவில்லை என்று வருபவருக்கு, அதுவும் தறித் தெருவில், பெரிய ஆதரவு கிடைக்காது.

எங்கே போய்ச் சொல்வது?

முதல் இடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். இதைச் சும்மா உபதேசத்துக்குச் சொல்லவில்லை. என்றைக்குப் பேசினோம், என்ன நேரம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்தால் பிறகு உதவும். அடுத்து நகராட்சி ஆணையருக்கு எழுத்துப்பூர்வ மனு. உரிமம் இருக்கிறதா, எத்தனை குதிரைத்திறனுக்கு இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

சத்தம் தெருவுக்கே தொந்தரவு என்றால் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ, ஒழுங்குபடுத்தவோ நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். 'ஒழுங்குபடுத்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூடு என்று மட்டும்தான் உத்தரவு வரும் என்றில்லை. இரவு ஓட்டாதே, ஜன்னலை அடை, ரப்பர் போடு என்றும் வரலாம். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் வருவாய்க் கோட்டமும் ஆனதால், கோட்டாட்சியரைப் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. பொதுத் தொந்தரவுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-வது பிரிவில் தண்டனை 1,000 ரூபாய் வரை அபராதம். முன்பு 200 ரூபாயாக இருந்தது.

பாதிப்பு ஒரே வீட்டுக்கு என்றால் அது பொதுத் தொந்தரவு ஆகாது. அப்போது உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்க வேண்டும். வழக்குக்கு முன்னால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், செலவில்லை. இந்த மாதிரித் தகராறுக்குப் பொருத்தமான இடம் அநேகமாக அதுதான். தீர்ப்பு வாங்கி ஜெயித்தாலும் இரண்டு பேரும் அதே சுவரின் இரண்டு பக்கம்தான் வாழ்ந்தாக வேண்டும்.

மொபைல் செயலியில் எடுத்த டெசிபல் அளவு, சத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். ஆதாரமாக நிற்காது. முறையாகச் சரிபார்த்த கருவியில், ராத்திரி நேரத்தில், புகார்தாரர் வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தறியை நிறுத்தாமல் சத்தத்தைக் குறைக்க வழி?

இருக்கிறது, எல்லாமே லட்சக்கணக்கில் செலவு வைப்பவையும் இல்லை. முதல் வேலை ஓட்டையை அடைப்பது. ஒட்டு வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னல், கூரையோர இடைவெளி இவற்றைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு, காற்றுக்கு வழியை தெருப் பக்கமோ பின்பக்கமோ மாற்றலாம். மேலே கணக்குப் பார்த்தபடி, நான்கு தறியை நிறுத்துவதைவிட இது அதிகம் குறைக்கும். காற்றோட்டத்தை முழுக்க அடைத்துவிடக் கூடாது, பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் மூச்சுக்கு அது ஆபத்து.

அடுத்து, தறியின் காலுக்கு அடியில் ரப்பர் பேடு. பக்கத்துச் சுவரோடு தறியின் எந்தப் பாகமும், ஷாஃப்ட் தாங்கியும் தொடாமல் தள்ளி வைப்பது. புதிதாகக் கட்டுபவர் என்றால் பொதுச் சுவரை நம்பாமல் நான்கு அங்குலம் இடைவெளி விட்டுத் தனிச் சுவர் எழுப்பி, தறி நிற்கும் தரையை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பிரித்துப் போடுவது. தகரக் கூரைக்குப் பதில் கான்கிரீட். தேய்ந்த பஃபர், தளர்ந்த போல்ட், எண்ணெய் காணாத பல்சக்கரம் இவற்றைப் பார்த்தாலே சத்தம் கொஞ்சம் இறங்கும், தறிக்கும் ஆயுசு கூடும்.

நாடா இல்லாத ரேப்பியர் தறியில் அந்த ஓங்கி அடிக்கும் மோதல் இல்லை. அதற்காகச் சத்தமே வராது என்று நினைக்கக் கூடாது, வேகம் அதிகம் என்பதால் இரைச்சலின் தன்மைதான் மாறும். விலையும் கூலித் தறிக்காரர் எட்டக்கூடியதாக இல்லை. சாதாத் தறிகளை அங்கேயே மேம்படுத்த மானியம் தரும் பவர்டெக்ஸ் இந்தியா திட்டம் 2017 ஏப்ரலில் மூன்றாண்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்டது.

ஊருக்கு வெளியே எல்லாத் தறியையும் கொண்டுபோவது எளிய யோசனை. மாநில அரசின் சிறிய அளவிலான ஜவுளிப் பூங்கா திட்டத்தில் குறைந்தது 2 ஏக்கரும் 3 தொழிற்கூடமும் இருந்தால் 50 சதவீதம், அதிகபட்சம் 2.5 கோடி ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இரண்டு தறி, நான்கு தறி வைத்திருக்கும் குடும்பம் தன் பங்குப் பணத்துக்கு எங்கே போகும்? கழுகுமலை ரோட்டிலோ ராஜபாளையம் ரோட்டிலோ ஷெட் கிடைத்தாலும், ராத்திரி ஷிப்டுக்கு அந்தப் பெண் எப்படிப் போய் வருவார்? தொட்டிலை யார் ஆட்டுவது? இதற்குப் பதில் இல்லாமல் 'வெளியே போங்க' என்பது தொழிலை விட்டுப் போங்க என்பதற்குச் சமம்.

நேரம்தான் இப்போதைக்குக் கைக்கெட்டும் தீர்வு. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரண்ட் வந்த நேரமெல்லாம் தறி ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது, நடுராத்திரி என்றாலும். அந்தக் கட்டாயம் இன்றைக்கு இல்லை. பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் மாதிரி, 1983-ல் தொடங்கி இன்றும் ஓடும் மொத்த ஆர்டர்களுக்குக் கெடு தேதி நெருங்கும்போது ராத்திரி வேலை வரத்தான் செய்யும். அந்த நாட்களை முன்கூட்டிச் சொல்லி, மற்ற நாளில் பத்து மணிக்கு நிறுத்தி, மார்ச் பரீட்சை மாதத்தில் இன்னும் கொஞ்சம் முன்னதாக என்று தெருவுக்குள் எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. சட்டப் பணிகள் குழு முன்னால் அப்படி ஓர் உடன்பாடு லோக் அதாலத்தில் பதிவானால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது.

கிரில் பட்டறை, லேத், மரக்கடைக்கும் இதேதானா?

ஒலி விதிகளும் தொந்தரவுச் சட்டமும் அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், விசைத்தறிக்கு இருக்கும் இலவச மின்சாரம் இவற்றுக்கு இல்லை. கட்டர் மெஷின் சத்தம் தறி மாதிரி ஒரே சீராக வராமல் திடீரென்று கிளம்புவதால் அதிக எரிச்சல் தரும். வெல்டிங் வெளிச்சமும் பெயிண்ட் வாடையும் கூடுதல் புகாராக வரும். சும்மா பொழுதுபோக்குக்காகக் காருக்கு விட்ட இடத்தில் மெஷின் வாங்கிப் போட்டு மரவேலை செய்பவருக்கும், விற்பனை இல்லை என்பதால் உரிமம் கேட்கப்படாமல் போகலாம், சத்தத்துக்கு விலக்கு கிடையாது.

சங்கரன்கோவிலில் புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்கள் பகலில் ஒரு தடவை, ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவை அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகாதீங்க, அன்றைக்குத் தறி நின்றிருக்கும்.